எந்தக் கள்ளி என்று கேட்டு நடுங்கள்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள், பட்டாபிராமை அடுத்த ஒரு சிற்றூரில் செம்மறி ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தம் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். வேலியோரமாக வரிசையாய் நட்டிருந்த முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளியின் மடல்களில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாய் ஏதோ அப்பியிருந்தது. "மாவுப்பூச்சிதான் சார், பப்பாளியிலே வந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை விரலால் நசுக்கினார். விரல் குங்குமத்தில் தோய்த்தது போலச் சிவந்தது. "என்ன சார் இது, ரத்தமா?" என்று திகைத்துப் போனார்.

அது ரத்தமுமன்று, பப்பாளி மாவுப்பூச்சியுமன்று. கொச்சினீல் என்னும் சாயப்பூச்சி. அவர் 60 மடல்களை, மடல் ஒன்று 40 ரூபாய் வீதம் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி நட்டிருந்தார். "கள்ளிக்குப் பூச்சியே வராது, தண்ணீரே வேண்டாம், ஆடு விரும்பித் தின்னும்" என்று விற்றவர் சொன்னாராம். நடுவதற்கு முன் அவர் என்னையும் கேட்டார். "நடலாம்" என்று நானும் சொன்னேன். ஆனால் அவருடைய வேலிக்கு அப்பால், ஏரிக்கரைச் சரிவில் பழைய முட்கள்ளிப் புதர் ஒன்று நிற்பதை நான் போய்ப் பார்க்கவில்லை. அப்புதரிலும் அதே வெள்ளைப் பஞ்சு இருந்தது. இப்பிழையில் விற்றவருக்கு ஒரு பங்கு என்றால், எனக்கும் ஒரு பங்கு உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

தமிழில் "கள்ளி" என்ற ஒரே சொல்லுக்குள் பல செடிகள் அடங்கிக் கிடக்கின்றன. பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாயிருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் பணத்தையும் உழைப்பையும் பாழாக்கும். நெருங்கிய உறவுள்ள இரு செடிகளையும் வேறுபடுத்திப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

இரு பெரும் பிரிவுகள்

முதலில் பால் வடியும் கள்ளிகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. தோலிலும் எரிச்சல் உண்டாக்கும். வேலிக்கு ஆகலாம், தீவனத்திற்கு ஆகாது.

சப்பாத்திக் கள்ளி வேறு குடும்பம். நாகதாளி என்பதும் இதுவே. கீறினால் பால் வராது. கொழகொழப்பான நீரே வரும். இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். நம் ஏரிக்கரையிலும் இரயில் பாதையோரத்திலும் நிற்பதைப் பார்த்து நம் மண்ணின் செடி என்று நினைக்கிறோம், இது வந்தேறியே. நாம் இலை என்று சொல்லும் தட்டையான மடல், உண்மையில் நீரைச் சேமித்து வைக்கும் தண்டு ஆகும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து சுவாசிப்பதால், இதற்குப் பிற பயிர்களைக் காட்டிலும் குறைந்த நீர் போதும்.

இந்தச் சப்பாத்திக் கள்ளியிலும் மூன்று இனங்களை நம் உழவர்கள் அறிந்திருக்க வேண்டும். வசதிக்காக அவற்றை ஒற்றைமுள் கள்ளி, மஞ்சள்முள் கள்ளி, முள்ளில்லாக் கள்ளி என்று அழைப்போம்.

ஒற்றைமுள் கள்ளி மரம் போல் அடித்தண்டு விட்டு உயர்ந்து வளரும். மடல் பளபளப்பான பச்சை நிறம். ஒப்பு நோக்க மெல்லியது. மடலின் ஒவ்வொரு முள்கண்ணிலும் பெரும்பாலும் ஒரே ஒரு நீண்ட முள், சிலவற்றில் இரண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தாவர நூல்களில் இதன் பெயர் ஒபன்ஷியா மோனகாந்தா.

மஞ்சள்முள் கள்ளி புதராகப் படர்ந்து அடர்ந்து நிற்கும். மடல் தடித்தது, நீலம் கலந்த பச்சை. ஒவ்வொரு முள்கண்ணிலும் பல முட்கள். அவை மஞ்சள் நிறம், தட்டையானவை, சற்று வளைந்தவை. பழம் கருஞ்சிவப்பு. சிறுவர்கள் பறித்துத் தின்று வாய் சிவக்கத் திரிவது இப்பழத்தைத்தான். இது ஒபன்ஷியா டில்லனீ. இன்று நம் பக்கம் காட்டில் மேட்டில் காண்பது பெரும்பாலும் இதுவே.

முள்ளில்லாக் கள்ளி என்று இப்போது தீவனத்திற்கு விற்கப்படுவது ஒபன்ஷியா ஃபைக்கஸ்-இண்டிகா. மெக்சிகோவில் உழவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்த இனம். பெயரில் "இண்டிகா" என்றிருந்தாலும் இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மடல் பெரியது, நீள்வட்டமானது. பெரிய முள் இராது. ஆயினும் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத சுணை இருக்கும். வெறுங்கையால் தொடக்கூடாது.

சைதாப்பேட்டையில் தொடங்கிய கதை

இவ்வேறுபாடுகளை அறியாததால் என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பட்டாபிராமிலிருந்து மின்சார இரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் எட்டிவிடும் சைதாப்பேட்டையிலேயே அது இருக்கிறது.

கொச்சினீல் பூச்சியின் உடலிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் ஒரு காலத்தில் பெரும் விலை போயிற்று. மெக்சிகோவைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஸ்பெயின் நாடு அவ்வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், அதை இங்கேயே வளர்க்க விரும்பினார். 1780-களின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு பூச்சியைக் கண்டு, அதுவே கொச்சினீல் என்று நம்பி இலண்டனுக்குக் கடிதங்கள் எழுதினார். அது கொச்சினீல் அன்று என்பது பின்னர் தெரிந்தது. முதல் தவறு அது. பிறகு பூச்சிக்குத் தீனியாகும் சப்பாத்திக் கள்ளி இனங்களைச் சேகரித்துச் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டமே போட்டார்.

1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். மெய்யான சாயப்பூச்சி வந்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தனர். வந்ததோ அதன் உறவுக்காரப் பூச்சி. சாயம் தாழ்ந்த தரம், தொழில் நிலைக்கவில்லை. இரண்டாம் தவறு இது. ஆனால் அந்தப் பூச்சி வேறொரு வேலையைச் செய்தது. வடக்கிலும் நடுநாட்டிலும் பரவிக் கிடந்த ஒற்றைமுள் கள்ளியைத் தின்று அழித்தது. அதைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரையில் அதனைத் தென்னாட்டுக்கும் கொண்டுவந்து கள்ளியின்மேல் விட்டனர். ஒரு களையை ஒழிக்க வேண்டுமென்றே பூச்சியைப் பயன்படுத்தி வெற்றி கண்டது உலகில் அதுவே முதன்முறை என்று பூச்சியியல் நூல்கள் கூறுகின்றன.

ஒற்றைமுள் கள்ளி ஒடுங்கியது. ஆனால் மஞ்சள்முள் கள்ளி தென்னாட்டுத் தரிசுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கைப்பற்றிக்கொண்டது. பழைய பூச்சி அதன்மேல் நிலைபெறவே இல்லை. இரண்டும் சப்பாத்திக் கள்ளிதான். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான். எனினும் ஒன்றைக் கொன்ற பூச்சிக்கு மற்றொன்று உணவாகவில்லை.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1926-இல், இலங்கையிலிருந்து மற்றொரு கொச்சினீல் இனம் தருவிக்கப்பட்டது. டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்பது அதன் பெயர். பூச்சி பிடித்த மடல்களை நல்ல புதர்களின்மேல் வைத்தார்கள். குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் பரவின. சில ஆண்டுகளுக்குள் மஞ்சள்முள் கள்ளிக் காடுகள் அழுகிச் சாய்ந்தன. மருந்தும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. எந்தச் செடிக்கு எந்தப் பூச்சி என்று சரியாக அறிந்ததே போதுமாயிற்று.

நாம் பெருமையாகக் கூறிக்கொள்ளும் வேளாண் கல்வியும் அதே சைதாப்பேட்டையில்தான் பிறந்தது. அங்கிருந்த வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகமாகியிருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தை நாங்கள் மறப்பது எங்களுக்கே அழகன்று.

அன்றைய நண்பன், இன்றைய பகைவன்

இப்போது பெரியவரின் கொல்லைக்கு வருவோம். 1926-இல் நமக்கு உதவிய அந்தப் பூச்சி ஒழிந்துவிடவில்லை. ஏரிக்கரையில் மீந்து நிற்கும் மஞ்சள்முள் கள்ளியில் அது இன்றும் வாழ்கிறது. புதர் பெருகினால் பூச்சி பெருகும். புதர் குறைந்தால் பூச்சி குறையும். இவ்விரண்டும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன. ஆனால் தீவனத்திற்கென்று நாம் ஆசையோடு நடும் முள்ளில்லாக் கள்ளியும் அப்பூச்சிக்கு மிகப் பிடித்த உணவு. பழைய பூச்சியைப் போல ஒரே இனத்தோடு நிற்கும் பூச்சி அன்று இது.

இது வெறும் அச்சமன்று. வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டு ஏழை உழவர்கள் முள்ளில்லாக் கள்ளியைப் பழத்திற்கும் தீவனத்திற்கும் வேலிக்கும் ஏராளமாக வளர்த்து வந்தார்கள். 2014-இல் இதே பூச்சி அங்கு முதன்முதலில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கள்ளித் தோட்டங்கள் காய்ந்து விழுந்தன. பிறகு அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பூச்சியைத் தாங்கும் எட்டு இரகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கொண்டு மீண்டும் நட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பூச்சி புதிது. நமக்கோ அது நூறாண்டுப் பழக்கம். தெரிந்திருந்தும் பூச்சி உள்ள புதருக்குப் பக்கத்திலேயே நடுவது, நரி இருக்கும் புதரோரம் கோழிக்கூடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

பெயரைத் தவறாகச் சொன்னால் வைத்தியமும் தவறிவிடும் என்பதைத் தமிழ்நாட்டு உழவர்கள் அண்மையிலும் பார்த்தார்கள். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பக்கம் தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது, 2010-இல் அசிரோஃபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு அது அடங்கியது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறோர் இனம் வந்தபோது அக்குளவி அதற்கு உதவவில்லை. அனகைரஸ் என்ற வேறு குளவியைத் தேடிக் கொண்டுவரவேண்டியதாயிற்று. பார்வைக்கு இரண்டும் வெள்ளை மாவுதான். ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

தீவனக் கள்ளியின் உண்மையான மதிப்பு

இவ்வளவும் சொல்வதால் முள்ளில்லாக் கள்ளியே வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணவேண்டாம். மழை குறைந்த, மேட்டுப்பாங்கான தரிசு நிலத்தில், கோடையில் பசுமையே காணாத நாட்களில், அது ஆட்டுக்கு நல்ல நீராதாரம். ஆனால் அதன் அளவை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

மடலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர். 25 கிலோ எடையுள்ள ஒரு செம்மறி ஆட்டுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அளவு உலர்பொருள் வேண்டும் என்று வையுங்கள். மடலில் நூற்றுக்குப் பத்துப் பங்கே உலர்பொருள் என்றால், அதைக் கள்ளியாலேயே கொடுப்பதற்கு ஏழரைக் கிலோ மடல் வேண்டும். அவ்வளவு தின்றால் ஆடு கழியும். அதிலுள்ள புரதமும் குறைவு. உலர்பொருளில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். ஆகவே கள்ளி தனித்தீவனமன்று, துணைத்தீவனமே. சுணை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, வைக்கோல் அல்லது காய்ந்த சோளத்தட்டையோடு கலந்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். புரதத்திற்கு அகத்தி, வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றில் ஒன்றைக் கூடவே கொடுக்க வேண்டும்.

பட்டாபிராம், தண்டுரை, நெமிலிச்சேரி, திருநின்றவூர்ப் பக்கத்து உழவர்களுக்குத் தனியே ஒரு சொல். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நனையும் ஏரிப்பாசனப் பூமி. களிமண் நெல்வயல் வரப்பில் கள்ளியை நட்டால், ஐப்பசி கார்த்திகையில் நீர் தேங்கி வேர் அழுகும். கிணற்று நீர் உள்ள நிலத்தில் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லை விட்டுக் கள்ளியை நடுவது கையிலிருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிப்பதாகும். இங்கே கள்ளிக்கு உரிய இடம் நீர் வடியும் செம்மண் மேடும் சரளைப் பூமியும்தான். வீட்டு மனைகளும் உயர்ந்த கட்டடங்களும் சூழ்ந்து மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்ட இந்நாளில், உள்ள அரைக் காணியை வீணாக்க யாருக்கும் இயலாது.

நடுமுன் நான்கு கேள்விகள்

மடல் விற்பவரிடமும், பரிந்துரைக்கும் என் போன்றவரிடமும், பின்வரும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று: இது எந்த இனம், எந்த இரகம், எங்கிருந்து வந்த மடல்? "கள்ளி" என்ற ஒரே சொல்லைப் பதிலாக ஏற்காதீர்கள்.

இரண்டு: மடலில் வெள்ளைப் பஞ்சு ஏதேனும் உள்ளதா? ஒரு பொட்டு இருந்தாலும் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். செஞ்சாயம் வந்தால் அந்தக் கட்டையே வாங்காதீர்கள்.

மூன்று: நான் நடும் இடத்தைச் சுற்றி முட்கள்ளிப் புதர் உண்டா? உண்டென்றால் அதில் பூச்சி இருக்கிறதா? இருந்தால் முதலில் அப்புதரை அகற்றிப் புதைக்க வேண்டும். அல்லது வேறு இடம் பார்க்கவேண்டும்.

நான்கு: என் ஆடுகளின் தீவனத்தில் இது எத்தனை பங்கு? மீதிப் பங்குக்கு என்னிடம் என்ன இருக்கிறது?

வாங்கிய மடலை இரண்டு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நடவேண்டும். முதல் ஆண்டில் பத்துப் பதினைந்து மடலுக்கு மேல் வேண்டாம். அவை தழைத்தால் அவற்றிலிருந்தே பெருக்கிக்கொள்ளலாம். மறுபடி காசு கொடுக்கவேண்டியதில்லை.

பூச்சி வந்துவிட்டால் கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடிக்காதீர்கள். பூச்சியின் மேல் உள்ள மெழுகுப் பஞ்சு மருந்தை உள்ளே விடாது; ஆடு தின்னும் மடலில் நஞ்சு தங்குவதுதான் மிச்சம். தொடக்கத்திலேயே பிடித்த மடல்களை வெட்டி ஆழப் புதையுங்கள். மற்றவற்றை வேகமான நீர்த்தாரையால் கழுவி, சோப்புக் கரைசல் தெளியுங்கள். கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு இப்பூச்சியைத் தின்னும். ஐயம் இருந்தால், பூச்சி உள்ள சிறு மடல் துண்டை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையிலிட்டு, திருவள்ளூர் செல்லும் வழியிலுள்ள திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். திறந்த கையோடு எடுத்துப் போய் வழியெல்லாம் பரப்பாதீர்கள்.

எங்கள் பக்கத்துக் கடமை

உழவரை மட்டும் எச்சரித்துவிட்டு விலகிக்கொள்வது முறையன்று. புதுச்செடி எதுவாயினும், இனப்பெயரும் வந்த இடமும் எழுதிய சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது என் கருத்து. நெல் விதைக்குச் சான்று கேட்கும் நாம், ஆண்டுக்கணக்கில் நிற்கப்போகும் மடலுக்குக் கேட்காமல் இருப்பது எதனால்? விரிவாக்கப் பணியாளரும், நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்ணால் பார்க்காமல் "நடலாம்" என்று சொல்லக்கூடாது. நான் பார்க்காமல் சொன்னேன். அதற்கு ஓர் ஏழை உழவர் 2,400 ரூபாய் விலை கொடுத்தார்.

அந்தப் பெரியவரோடு சேர்ந்து பூச்சி பிடித்த மடல்களை வெட்டிப் புதைத்தோம். ஏரிக்கரைப் புதரையும் அகற்றினோம். அறுபதில் பதினொன்று தப்பின. அவற்றைப் பக்கத்து மேட்டுக்கு மாற்றி நட்டு, வரப்போரம் வேலிமசால் விதைத்தார். இவ்வாண்டு புதுமடல்கள் விட்டிருக்கின்றன. வெள்ளைப் பொட்டு ஏதும் இல்லை. கிழமைக்கு ஒரு தரம் மடலைப் புரட்டிப் பார்ப்பதை அவர் வீட்டம்மா தம் வேலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவரிடம் கள்ளி மடல் கேட்டு வந்தாராம். "தர்றேன். ஆனா முதல்ல உங்க கொல்லையை நான் வந்து பார்க்கணும்" என்றாராம் பெரியவர். நான் செய்யத் தவறியதை அவர் செய்துவிட்டார். உழவர் பெருமக்கள் அனைவரும் அவ்வாறே செய்வார்களாக.